கீழாநெல்லியும் கண்ணாடிக் குழாயும்

கார்த்திகை மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காய்ந்ததும், தோட்டத்து ஓரங்களிலும் வரப்பு மேடுகளிலும் கிணற்றடிச் செங்கல் இடுக்குகளிலும், எவரும் விதைக்காமலும் எவரும் நீர் வார்க்காமலும் கூட்டங்கூட்டமாக எழுந்து நிற்கும் கீழாநெல்லியை நம் நாட்டுப்புறத்தில் அறியாதவர் இல்லை. சாண் உயரமோ முழ உயரமோ வளரும் அச்செடியின் சிறு கிளையொன்றைக் கிள்ளிப் பார்த்தால் மேற்புறத்தில் இரு வரிசை இலைகள் மட்டுமே தெரியும். அதே கிளையைப் புரட்டினாலோ, இலைக் கணுக்கள்தோறும் கடுகளவான பச்சைக் காய்கள் வரிசை பிடித்துத் தொங்குவதைக் காணலாம். மஞ்சள்காமாலை கண்டவருக்கு இதை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் விழுதாக அரைத்து, ஒரு சிறு உருண்டை எடுத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பது பல தலைமுறைகளாக வந்த வழக்கம். சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் ஈரல் நோய்களுக்கு இதனை உரிய ஔஷதமாகப் போற்றுகின்றன. இவ்வளவு நெடுங்காலம், இவ்வளவு பேர், இவ்வளவு நம்பிக்கையோடு உண்டுவந்த ஒரு செடியை ஆராய்ச்சிசாலைக்குக் கொண்டுவந்து, அதன் குணம் யாது என்று கேட்பது எப்படி? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, கேட்கும் முறை சிறிது பிசகினாலும் தவறான விடையை மிகுந்த உறுதியோடு தந்துவிடக் கூடியது.

எல்லாவற்றுக்கும் முன்னால், கையிலிருப்பது எந்தச் செடி என்பது ஐயமற நிச்சயிக்கப்பட வேண்டும். தாவர நூலார் பில்லாந்தஸ் என்று வழங்கும் பேரினத்தில் 700க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் வீட்டு நெல்லி மரமும் அதே குடும்பத்து உறவுதான். அவற்றுள் கீழாநெல்லியாகிய பில்லாந்தஸ் அமாரஸும், அதன் அருகிலேயே வளரும் பில்லாந்தஸ் யூரினேரியா, பில்லாந்தஸ் ஃபிரட்டெர்னஸ் போன்ற செடிகளும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலிருக்கும். நாட்டு மருந்துக் கடைக்கு வரும் சருகு மூட்டையில் இவை கலந்திருப்பதும் உண்டு. கைலென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்கே பேதம் புலப்படும். அமாரஸின் காய் வழவழப்பானது, அதன் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். யூரினேரியாவின் காய் சொரசொரப்பானது, அதன் விதையில் வரிகள் குறுக்கே செல்லும். ஃபிரட்டெர்னஸின் பூவில் ஐந்துக்குப் பதிலாக ஆறு இதழ்கள் இருக்கும். இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் இச்செடிகள் பலவற்றையும் பில்லாந்தஸ் நிரூரி என்ற ஒரே பெயரில் அடக்கி வந்தன. உண்மையான நிரூரியோ அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பிரதேசங்களுக்கு உரியது. ஆகவே பழைய ஆராய்ச்சிக் கட்டுரையொன்றில் 'நிரூரி' என்று கண்டால், எந்தச் செடி அங்கே ஆராயப்பட்டது என்று இன்று எவராலும் கூற இயலாமற் போகிறது. இந்த இடரைத் தவிர்க்கவே, ஆராயப்படும் செடியின் ஒரு கொம்பைப் பூவும் காயுமாக அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் பறித்தவர் பெயரும் குறித்து, கோயமுத்தூரிலுள்ள சென்னைத் தாவரச் சேமிப்பகம், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியின் ராப்பினாட் சேமிப்பகம் போன்றதோர் இடத்தில் எண்ணிட்டு வைக்கிறார்கள். அந்த எண் இல்லாத ஆராய்ச்சியில், மற்றவை எவ்வளவு நுட்பமாக இருப்பினும், நான் நம்பிக்கை வைப்பதில்லை.

செடி இன்னதென்று தெளிந்தபின் சாறு இறக்கும் வேலை தொடங்குகிறது. வெயிலின் கடுமையில் சில பதார்த்தங்கள் சிதையுமாதலால் செடியை நிழலிலேயே உலர்த்திப் பொடியாக்கி, அந்தப் பொடியைக் காகித உறையிலிட்டு, சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானியர் பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்காக 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட கண்ணாடிச் சாதனத்தில் வைக்கிறார்கள். அடியிலுள்ள குடுவையில் கொதிக்கும் திரவம் ஆவியாய் மேலெழுந்து, குளிர்ந்து, துளித்துளியாகப் பொடியின்மேல் விழுந்து, அறை நிரம்பியதும் பக்கத்து வளைகுழாய் வழியாகத் திடுமென்று முழுவதும் வடிந்து குடுவைக்கே திரும்புகிறது. முதல் வடிப்பு கரும்பச்சையாக இறங்க, அடுத்தடுத்த வடிப்புகள் வெளிறி வெளிறி, இறுதியில் நிறமற்ற திரவம் வடியும்வரை மணிக்கணக்கில் இந்தச் சுழற்சி நடக்கும். பின்னர் திரவத்தை ஆவியாக்கி நீக்கினால் பிசின் போன்ற கரும்பச்சை மிச்சம் ஒன்று குடுவையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தத் திரவத்தை ஊற்றினோமோ அதற்கு ஏற்பவே அந்த மிச்சத்தின் உள்ளடக்கம் அமைகிறது என்பதை மறந்துவிடலாகாது. ஹெக்சேனில் பச்சையமும் மெழுகும் ஃபிலாந்தின் முதலிய லிக்னான்களும் இறங்கும். நீரிலும் மெத்தனாலிலும் ஜெரானின், கோரிலாஜின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் ருட்டின் முதலிய ஃபிளேவனாய்டுகளும் இறங்கும். ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு சாறுகள், உள்ளடக்கத்தில் இரு வேறு செடிகளின் சாறுகளைப்போல் வேறுபட்டிருக்கக் கூடும்.

இனி, இன்று நம் கல்லூரிகளில் மிகுதியாகச் செய்யப்படும் ஆன்டி-ஆக்சிடன்ட் சோதனைக்கு வருவோம். ரசாயனத்தில் எலெக்ட்ரான்கள் சாதாரணமாக இரண்டிரண்டாக இணைந்தே நிற்பவை. இணை இழந்த ஓர் எலெக்ட்ரானைத் தாங்கிய மூலக்கூறை ஃப்ரீ ரேடிக்கல் என்கிறோம். அப்படியொன்று தனித்து நிலைக்க முடியும் என்பதை 1900ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மோசஸ் கோம்பெர்க் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1956ஆம் ஆண்டில் டென்ஹாம் ஹார்மன், பிராணவாயுவைச் சுவாசிக்கும் உயிர்களின் அணுக்களில் இத்தகைய ரேடிக்கல்கள் ஓயாது பிறப்பதும், அவை கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் சிறிது சிறிதாகச் சேதப்படுத்துவதுமே முதுமைக்குக் காரணம் என்ற கொள்கையை வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து 1958இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் 'நேச்சர்' பத்திரிகையில், இத்தகைய ரேடிக்கல்களை அடக்கும் ஆற்றலை எளிதில் அளக்க ஒரு முறையை விவரித்தார். டிபிபிஎச் என்று சுருக்கமாக வழங்கும் ரசாயனம் நைட்ரஜனில் தனி எலெக்ட்ரானைத் தாங்கியும் அழியாமல் நிலைத்திருக்கும் ஒரு விசித்திரமான பொருள். அதன் மெத்தனால் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறமுடையது.

சோதனை இதுதான்: அந்த ஊதாக் கரைசலில் ஓர் அளவு எடுத்து, அதில் செடியின் சாற்றைச் சில துளி விட்டு, வெளிச்சம் படாமல் 30 நிமிஷம் வைக்கிறார்கள். சாற்றிலுள்ள பதார்த்தம் எலெக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ தந்து ரேடிக்கலின் பசியை ஆற்றிவிட்டால் ஊதா மங்கிச் சிவந்து, பின் வெளிறிய மஞ்சளாகிறது. நிற மாற்றத்தின் அளவை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒளிமானி கணக்கிடுகிறது. செறிவைக் கூட்டியும் குறைத்தும் பல குழாய்களில் இதைச் செய்து, நிறத்தில் பாதியை அழிக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதைக் கண்டு, அருகிலேயே வைட்டமின் சி-யையும் அதே முறையில் அளந்து ஒப்பிடுகிறார்கள். கீழாநெல்லிச் சாறு இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். துவர்ப்புள்ள செடிகள் அநேகமாக அனைத்தும் தேறும். புளியங்கொட்டைத் தோலும் கடுக்காயும் மாதுளைத் தோலும் தேயிலையும் தேறும். ஓர் ஊதாத் திரவம் கண்ணெதிரே மஞ்சளாவதைக் கண்ட இளம் மாணவருக்கு உண்டாகும் பரவசத்தை நான் மதிக்கிறேன். மறைந்திருந்த ஒரு சக்தி நிறமாகத் தம்மை நோக்கிப் பேசும் தருணம் அது.

ஆயினும் அது என்ன பேசியது என்பதை அளந்தே கொள்ளவேண்டும். பெரும்பாலான சாறுகள் தாமே பச்சையும் பழுப்புமாக இருப்பதால், டிபிபிஎச் சேர்க்காத சாற்றை மட்டும் ஒரு குழாயில் தனியே அளந்து கழிக்காவிட்டால் கணக்குத் தவறிவிடும். பினால் வகைப் பொருள்களை அளக்க வழங்கும் ஃபோலின் திரவமும் அப்படியே: வைட்டமின் சி இருந்தாலும், குளுக்கோஸ் போன்ற சில சர்க்கரைகள் இருந்தாலும் அது நீலமாகும், அதை அறியாமல் 'பினால் இவ்வளவு' என்று எழுதுவது பிழை. இன்னும் ஆழமான ஒரு விஷயம் உண்டு. டிபிபிஎச் நம் சரீரத்தில் எங்கும் கிடையாது. சரீரத்தில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலோ ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரமே உயிர்வாழ்ந்து, பிறந்த இடத்துக்கு அருகில் எது இருந்தாலும் அதைத் தாக்கி முடிந்துவிடுவது. எந்த மூலிகைப் பொருளும் தேடிச்சென்று அதைப் பிடிக்க அவகாசமே இல்லை. நம் அணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ள சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் முதலிய நொதிகளையும் குளுட்டாதயோனையும் தாமே வைத்திருக்கின்றன. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல இதே ரேடிக்கல்களை வேண்டுமென்றே உற்பத்தி செய்கின்றன. உண்ட துவர்ப்புப் பொருளில் ரத்தத்தை எட்டுவது மிகச் சிறிதளவே. அதையும் குடலும் ஈரலும் உருமாற்றிய பின்பே வெளியே விடுகின்றன.

கண்ணாடிக் குழாய்க்கும் சரீரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்கு மனித சமுதாயம் கொடுத்த விலை சிறிதன்று. ஆன்டி-ஆக்சிடன்ட் என்று புகழ்பெற்ற பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமென்று எதிர்பார்த்து, பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் செய்த பெரிய சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையிலும் நோய் 28 சதவீதம் மிகக் கண்டு, 1996இல் அதைக் காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். கண்ணாடிக் குழாயில் காவலாக நின்ற பொருள் புகை மண்டிய நுரையீரலில் வேறுவிதமாக நடந்துகொண்டது.

எனவே, ஒரு மூலிகையிடம் 'நீ ஆன்டி-ஆக்சிடன்டா?' என்று கேட்பதைவிட, 'இன்ன நோயில், இன்ன மாற்றத்தைச் செய்கிறாயா?' என்று கேட்பதே வைத்தியத்துக்கு உகந்தது. கீழாநெல்லியை அப்படிக் கேட்ட முயற்சி சென்னையில் நடந்தது. அதன் அருமையை உணர ஈரல் நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள்காமாலை என்று நாம் சொல்வது ஒரே நோயன்று. அசுத்த நீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் உண்டாக்கும் காமாலை, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மிகப் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும்; அந்தச் சமயத்தில் எதை அருந்தியிருந்தாலும் புகழ் அதற்கே சேரும். நம் முன்னோரின் அனுபவத்தில் எவ்வளவு பங்கு செடியின் குணம், எவ்வளவு பங்கு சரீரத்தின் சொந்த ஆற்றல் என்பதைப் பிரித்தறிய அந்தக் காமாலை உதவாது. ரத்தத்தால் பரவும் ஹெபடைட்டிஸ் பி வேறு வகையானது. வளர்ந்த பின் தொற்றியவர்களில் 100க்குச் சுமார் 95 பேர் அதைத் தாமே வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அவ்விதம் தங்கியவர்களின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் என்னும் புரதம் எப்போதும் காணப்படும். அது தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கே. மெள்ள மெள்ள ஈரல் சுருங்குவதும் புற்றுநோய் தோன்றுவதும் இவர்களுக்கு உள்ள அபாயங்கள்.

அந்தப் புரதத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க், பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில், வெங்கடேஸ்வரன், மில்மன் என்ற சகாக்களோடு கீழாநெல்லிச் சாற்றை எடுத்துக்கொண்டார். அது வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைக் குழாயில் தடுப்பதையும், அதற்கு நெருங்கிய வைரஸைத் தாங்கும் வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்குகளில் சிலவற்றின் ரத்தத்திலிருந்து மேற்பரப்பு ஆன்டிஜென் மறைவதையும் 1987இல் அவர்கள் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, சென்னையில் எஸ். பி. தியாகராஜன் முதலியோர் புளூம்பெர்க்குடன் சேர்ந்து செய்த மனிதச் சோதனை 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. உலர்த்திய செடியின் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை 30 நாள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வெற்று மருந்து கொடுத்தார்கள். செடியை உண்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் விடுபடுவதே அரிதான நோயில் இந்த எண்கள் உலகத்தை நிமிர்ந்து பார்க்க வைத்தன. ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் இதைத் தொடக்கநிலை ஆய்வு என்றுதான் கூறினார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

விஞ்ஞானத்தில் ஒரு முடிவு பிறரும் செய்து பார்த்து அடையும்போதே உறுதியாகிறது. தாய்லாந்தில் செய்தார்கள், நியூசிலாந்திலும் செய்தார்கள். சென்னையில் கண்ட விளைவு அங்கே காணப்படவில்லை. அதன்பின் 16 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழு, வெற்று மருந்தைவிட இச்செடி மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011இல் தெரிவித்தது. சென்னையில் நேர்ந்தது என்ன? நோயாளிகளுள் சிலர் அண்மையில்தான் தொற்றுக்குள்ளாகித் தாமே குணமாகும் நிலையில் இருந்தார்களோ, செடியின் நிலமும் பருவமும் பதனமும் மாறியதால் வேறு நாட்டில் பயன் குன்றியதோ, குறைந்த எண்ணிக்கையில் தற்செயல் விளையாடியதோ என்று பல காரணங்கள் எண்ணப்பட்டன. எவ்வாறாயினும், நம்மூர்ச் செடி ஒன்றைத் துணிந்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, வெற்றியும் தோல்வியும் எண்ணால் அறியக்கூடிய வகையில் கேட்ட அந்த முயற்சியை நான் பெருமையோடு நினைக்கிறேன். பத்து ஊதாக் குழாய்களோடு நின்று, இச்செடி புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் ஈரல் நோய்க்கும் மருந்தாகக்கூடும் என்று முடித்துவிடும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் காட்டிலும், தோற்றுப்போன அந்த ஒரு கேள்வியே நம் அறிவுக்கு அதிகம் ஈந்தது. மேலும், இது ஏட்டளவில் நின்றுவிடும் விஷயமன்று. காமாலை கண்டவரின் ரத்தத்தைச் சோதித்து எந்த வைரஸ் என்று அறியாமல் மோரிலே செடியைக் கரைத்துக் கொடுத்து, கண்ணின் மஞ்சள் தெளிந்ததும் நோய் போயிற்றென்று விட்டுவிட்டால், ஹெபடைட்டிஸ் பி தங்கியவருக்கு அதன் பயங்கரம் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும்; அதற்கிடையில் அவர் பெற்றிருக்கக்கூடிய சிகிச்சையும், குழந்தைகளுக்குப் போட்டிருக்கக்கூடிய தடுப்பூசியும் கைநழுவிப் போயிருக்கும்.

நோய்க்கு ஏற்ற கேள்வியைத் தேர்ந்து வெற்றி கண்டவரின் சரித்திரமும் ஒன்று உண்டு. 1967இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் பணியொன்றைத் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல்களிலிருந்து 2,000க்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டி, ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து எடுத்த 380க்கு மேற்பட்ட சாறுகளை, மலேரியாக் கிருமி ஏற்றிய எலிகளிடம் சோதித்தார். ஆர்ட்டெமிசியா அனுவா என்னும் செடியின் சாறு ஒரு முறை நன்கு வேலைசெய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு வைத்தியரான கெ ஹோங் அச்செடியைக் காய்ச்சச் சொல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்த அம்மையார், கொதிக்கும் சூடே மருந்தை அழிக்கிறது என்று ஊகித்து, 35 பாகையிலேயே ஆவியாகும் ஈதரில் சாறு இறக்கினார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் ரத்தத்திலிருந்து கிருமியை முற்றிலும் நீக்கியது. அடுத்த ஆண்டு அவரும் இரு சகாக்களும் தாங்களே அதை முதலில் உண்டு, தீங்கில்லை என்று கண்டபிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆர்ட்டெமிசினின் என்று பெயர்பெற்ற அந்தப் பொருளின் அமைப்பை ஆராய்ந்தபோது, அதன் நடுவே இரண்டு பிராணவாயு அணுக்கள் கைகோத்த பெராக்சைடுப் பாலம் ஒன்று இருக்கக் கண்டார்கள். ரேடிக்கல்களை அடக்கும் குணம் அதற்கு இல்லை. ஊதாக் குழாய்களையே சல்லடையாக வைத்துச் சலித்திருந்தால் கப்பியோடு கப்பியாக அதுவும் வெளியே கொட்டப்பட்டிருக்கும். மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்பு தாங்கிய ஹீம் வெளிப்படுகிறது; அந்த இரும்பு பட்டதும் பாலம் முறிந்து, ஃப்ரீ ரேடிக்கல்கள் பிறந்து, கிருமியின் புரதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, அதை அது தின்ற இடத்திலேயே கொன்றுவிடுகின்றன.